படகும் போகாது, காலும் போகாது

யோயென்சூவில் நவம்பர். மூன்றரைக்கே விளக்கு போட்டாயிற்று.
பின்யாவின் கணினியில் நூற்றுப் பதினெட்டுக் கட்டுரைகள்,
ஒரு விரிதாள்,
பச்சைக் கட்டங்களுக்கு நடுவே ஒரே ஒரு வெள்ளை:
'எல்லை ஏரியில் மீத்தேன். எவரும் அளந்ததில்லை.'

இரண்டு வருடம் அந்த வெள்ளையை
புறம்போக்கில் வளைத்த மனைபோலக் காத்தாள்.
நான்கு நோக்கங்களால் வேலியும் போட்டாள்:
ஆராய்தல், அறிதல், புரிந்துகொள்ளுதல்,
கொள்கை வகுப்போருக்குப் பரிந்துரைத்தல்.

செவ்வாய்க்கிழமை ஒரு பெட்டி வந்தது.
ஏரியின் அந்தக் கரையிலிருந்து,
ரஷ்ய மொழியில், தட்டச்சு செய்த அறிக்கை.
ஸினயீதா பகோமவா என்றொருத்தி
பதினோரு ஆண்டு அளந்திருக்கிறாள்,
ஜூலையில் படகிலிருந்து,
ஜனவரியில் பனிக்கட்டியைத் துளைத்து.
மீத்தேன் என்று எழுதவில்லை,
'சதுப்பு வாயு' என்றிருந்தாள்.
அதனால்தான் எந்தத் தேடலிலும் அகப்படவில்லை.

மனை போயிற்று.
ஏலக்காய் ரொட்டி ஒன்றைப்
பிய்த்துப் பிய்த்து, தின்னாமல் வைத்தாள்.

பிறகு, வேறு வேலை இல்லாததால்,
அட்டவணைகளை வாசித்தாள்.
ஒவ்வொரு வசந்தத்திலும் மூன்று வாரம்
எண்கள் இல்லை, சிறு கோடுகள்.
ஓரத்தில் பென்சிலால்:
'பனிக்கட்டி ஆளைத் தாங்காது. படகு நுழையாது.'
பதினோரு முறை அதே வரி,
கடைசி இரண்டில் கையெழுத்து கொஞ்சம் நடுங்குகிறது.

தன் நூற்றுப் பதினெட்டையும் மறுபடி திறந்தாள்.
அங்கே கோடுகூட இல்லை.
மார்ச்சிலிருந்து ஜூனுக்கு
அளவுகோல் வைத்து நேராக இழுத்துவிட்டார்கள்,
அந்த மூன்று வாரத்தில்
ஏரி மூச்சே விடாததுபோல.

எவரும் போகாத இடமல்ல இது.
எல்லோரும் போய்,
எல்லோரும் ஒரே நாளில் திரும்பிய இடம்.

பட்டறையில் ஓஸ்கு சொன்னான்:
'பிப்ரவரியிலேயே கருவியைப் பனிக்குள் உறையவிடு.
உருகும்போது தானே விழுந்து மிதக்கும்.'
'தொலைந்தால்?'
'தொலையும். இரண்டாகச் செய்வோம்.'

இரவு வேலியைப் பிடுங்கினாள்.
ஆராய்தல் போயிற்று, அறிதல் போயிற்று,
கொள்கை வகுப்போர் நிம்மதியாகத் தூங்கட்டும்.
மிஞ்சியது ஒரு வினை: அளத்தல்.
எங்கே, எந்த நாள் முதல் எந்த நாள் வரை,
எத்தனை மணிக்கொரு முறை.

படிவத்தின் கடைசியில்
'எதிர்பார்க்கும் இடர்கள்' என்றொரு கட்டம்.
'பனிக்கட்டி ஆளைத் தாங்காது' என்று எழுதினாள்.
சற்று நேரம் பார்த்தாள்.
வெட்டியெடுத்து
முதல் பக்கத்தில் ஒட்டினாள்,
'ஆய்வின் தேவை' என்ற தலைப்புக்குக் கீழே.