நாலு மூலை

ஆறு பிஸ்டன்களையும் பழைய செய்தித்தாளில்
வரிசையாக வைத்திருக்கிறேன்.
பெட்டியைப் பிரித்தபோது கண்ணைக் கூசிய வெள்ளி
இப்போது எதிலும் இல்லை.

ஒலவாரியாவில் ஜூலை. வெளியே புல்லெல்லாம் உறைபனி.
அமான்சியோ கைகளைக் கக்கத்தில் இடுக்கியபடி
சொல்லச் சொல்ல
மகள் ஸுலேமா கம்பெனிக்குக் கடிதம் எழுதுகிறாள்:
மட்டமான உலோகம்.
ஏழாவது சுற்றிலேயே இறுகி நின்றுவிட்டது.
பணத்தைத் திருப்பித் தரவும்.

நான் விளக்கைச் சாய்த்துப் பிடிக்கிறேன்.
ஒன்று: உச்சியில் சாம்பல் பூத்த காப்பி நிறம்,
குறை சொல்ல ஏதுமில்லை.
இரண்டும் அப்படியே.
மூன்றில் ஓரம் மட்டும் வெளுத்திருக்கிறது,
உள்ளே வரும் பெட்ரோல் கழுவிய இடம். நல்லதுதான்.
பொரிந்த குழி இல்லை. உருகிய விளிம்பு இல்லை.
கவிழ்த்தால், அடிவயிற்றில் எண்ணெய் கருகாமல்
தேன் நிறத்தில் நிற்கிறது.

நாலாவதைக் கண்ணுக்கு முன்
கட்டைவிரல் கண்டுபிடித்தது.
ஸ்கர்ட் என்கிறோமே, அந்த இடுப்புக்குக் கீழே
நெட்டுக்குக் கீறல்.
ஒரு பக்கம் மட்டும் என்றால்
எண்ணெய்மேல் பழி போடலாம்.
இது பின்னுக்கு இந்தப் புறமும் அந்தப் புறமும்,
முன்னும் பின்னும், நாலு மூலையிலும்.
தம்பி சட்டையை மாட்டிக்கொண்டு
மூச்சை இழுத்தவன் தோளில்
தையல் பதியுமே, அப்படி.

ஐந்தையும் ஆறையும் மறுபடி எடுத்தேன்.
அதே இடங்களில் நகம் பட்ட அளவுக்கு.
அவையும் நேரம் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கின்றன.

சூட்டில் பருக்க வந்த உலோகம்.
பருக்க இடமில்லை.

பெட்டியின் அடியில்
மடிப்புக் கலையாத ஒரு துண்டுச் சீட்டு.
இவை அடித்துச் செய்தவை, வார்த்தவற்றைவிட விரியும்,
இவ்வளவு இடைவெளி விடவும்.
நான் விட்டது
இருபது வருடமாக விட்டுவரும் இடைவெளி.
மயிரிழை குறைச்சல்.
மயிரிழைகூட இல்லை, அதில் பாதி.

சீட்டு ஸ்பானிஷில்தான் இருந்தது.
எனக்கு வாசிக்கத் தெரியும்.

"முடிவில் யார் பெயர் போட?" என்கிறாள் ஸுலேமா.
தாளைத் திருப்பச் சொன்னேன்.
பின்பக்கத்தில் எழுதிக்கொள்:
பிஸ்டன் ஒன்று, என் செலவு.
ஆறு போரும் மறுபடி கடைய வேண்டும், கூலி இல்லை.
காரணம் என்று ஒரு வரி விடு,
அதை நானே எழுதுகிறேன்.

அமான்சியோ கக்கத்திலிருந்து கையை எடுத்தான்.
நாலாவதைத் தூக்கி,
ஆறி மூன்று நாளான அதை
ஊதிப் பார்க்கிறவன்போல வாயருகே பிடித்து,
"ஞாயிற்றுக்கிழமைக்குள் ஆகுமா?" என்றான்.