டேம் ஃபூல்

நீடாமங்கலத்தில் பலகை ஏற்றப் பிந்திய விடியலில்
துரை கத்தியது இவ்வளவுதான்: "டேம் ஃபூல்!"

லஸ்கர் தம்பிக்கண்ணுவுக்கு டேம் தெரியும்,
இருபது வருஷமாய் அவர் ஷட்டர் சுற்றுகிற அணை.
ஃபூல்? ஏதோ பதவி.
அன்றிரவே கள்ளுக்கடையில் கடன் கிடைத்தது.

மகள் கல்யாணப் பத்திரிகைக்கு
மன்னார்குடியில் அச்சுக் கோத்தவன் நான்.
"பேருக்குப் பின்னால போடுங்க, தடிச்ச எழுத்துல."

அகராதியைப் புரட்டினேன்.
அது வேறு டேம். சாபம்.
வேர் லத்தீனில்; அங்கே நஷ்டம், அபராதம்.
நாமும்தான் தண்டம் என்று திட்டுகிறோம்.
கடைசியில் ஓர் எழுத்து நிற்கிறது,
யாரும் அதை உச்சரிப்பதில்லை.

நானும் அப்படியே நின்றேன்.
வெண்ணாற்றில் தண்ணீர் வந்திருந்தது.
ப்ரூஃபை வாங்கி
விரலால் தடவினார்:
"மை இன்னும் காயலியே."