உப்பில்லாத மண்

கூடாரத்தை மரெய்க்கே தானே கொண்டுவந்திருந்தாள்.
பச்சைக் கன்வஸ், மூலையில் தீப்பொறி தின்ற ஓட்டை.
கலஹாரியில் இதற்குள் பதினேழு இரவு, என்றாள்.
ஒரு சிங்கம் இந்தக் கயிற்றில் முதுகு தேய்த்ததாம்.
முளையை அடித்தபடி சொன்னேன்:
எங்களிடம் சிங்கம் கொடியில் மட்டும்தான்.
முபீத் சிரித்தான். பிறகு,
சிரித்ததை யாரும் கண்டார்களா என்று
றோட்டைத் திரும்பிப் பார்த்தான்.

அரிசிமலைக்குக் கொஞ்சம் வடக்கே
கடலுக்கும் பற்றைக்காட்டுக்கும் இடையில்
மூன்று கூடாரம், ஒரு ஜீப், ஆறு தண்ணீர்க் கலன்.
ஆபிரிக்கப் பாணி சபாரி என்று
உப்புவெளியில் பலகை மாட்டியிருக்கிறார் முதலாளி.
நான் ஆபிரிக்காவைக் கண்டதில்லை.
நான்கு வருடம் கண்ணிவெடி தேடும் குழுவில்
முழங்காலில் நின்று மண் பார்த்தவன்.
ஒரு நாளைக்கு ஒரு பாய் விரிக்கும் அளவு நிலம்.
வழிகாட்டி வேலைக்கு
அதைத்தான் தகுதியாகக் காட்டினேன்.

கன்வஸை உதறியபோது
மடிப்பிலிருந்து மண் கொட்டியது. சிவப்பு.
மிளகாய்த்தூளோ என்று முபீத் விரலால் தொட்டான்.
இங்கே மணல் குருணை அரிசி,
காலுக்கடியில் உருளும்.
புல்மோட்டைப் பக்கம் கறுப்பு,
காந்தத்தைக் காட்டினால் எழுந்து நிற்கும்.
செம்மண் பார்த்திருக்கிறேன்.
இப்படிச் சிவந்த மணல் பார்த்ததில்லை.
மரெய்க்கே கூட்டித் தள்ளப் போனாள். விடுங்கள் என்றேன்.
பனடோல் போட்டுவைக்கும் டப்பியில்
ஒரு சிட்டிகை அள்ளி மூடினேன்.
எதற்கென்று கேட்டிருந்தால் பதில் இல்லை.

அங்கே ஒரு பட்டியல் கொடுப்பார்களாம்,
கண்ட மிருகத்துக்கெல்லாம் சரி போட.
தீக்கோழி. கழுதைப்புலி. ஓரிக்ஸ்.
இங்கே?
நண்டு, என்றேன். நரி. மயில்.
கொக்கிளாய்க் களப்பில் நாரை.
மற்றதை நான் சொல்ல வாயெடுக்க
முபீத் அகப்பையால் சட்டியைத் தட்டினான்.
இருட்டிய பிறகு அதன் பேர் எடுக்கக்கூடாது.

இரண்டு மணிக்கு வந்தது.
முதலில் வாடை.
பிறகு வயிற்றின் இரைச்சல்,
எங்கோ தூரத்தில் லொறி மேடு ஏறுவதுபோல.
என் பையில் இரண்டு யானைவெடி, ஒரு நெருப்புப்பெட்டி.
மரெய்க்கே தலையை நீட்டினாள்,
என்னைப் பார்த்தாள்,
டோர்ச்சை அணைத்துவிட்டு அப்படியே இருந்தாள்.
அந்தப் பதினேழு இரவும் வீண்போகவில்லை.

தந்தமில்லாத ஆண்.
இடது முன்கால் பானைபோல வீங்கியிருந்தது,
கட்டுத்துவக்குக் காயமாக இருக்கவேண்டும்.
அது கால் வைப்பதைப் பார்த்தேன்.
முதலில் நகம். பிறகு பாதி. பிறகு
கொஞ்சம் நின்று
பாரம்.
நாங்களும் இப்படித்தான் நடந்தோம்
சிவப்புக் குச்சிகளுக்கு நடுவே.

வெடி பையிலேயே கிடந்தது.

அது முபீத் பூட்ட மறந்த பெட்டியைக் கவிழ்த்து
வத்தகப்பழம் இரண்டையும் மிதித்துத் தின்றது.
பிறகு உப்புப் பையை எடுத்துக்கொண்டு
தண்ணீர்க் கரையோரமாகப் போயிற்று.
எடுத்துக்கொண்டு என்றுதான் சொல்வேன்.
கடையில் வாங்கிய சாமானைக் கொண்டுபோகிறவர்போல.

காலையில் முட்டைப் பொரியல் சப்பென்றிருந்தது.
மரெய்க்கே எதுவும் எழுதவில்லை,
படமும் எடுக்கவில்லை.
அதன் அடிச்சுவட்டுக்குள் கடல் வந்து வந்து போனதைக்
கோப்பையைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பும் வழியில் சாவடியில் மறித்தார்கள்.
இந்தப் பக்கம் மணல் கொண்டுபோவது குற்றம்.
டப்பியைத் திறந்த கடற்படைப் பையனுக்கு
இருபது வயதிருக்கும்.
மொகத மே? என்றான்.
வலி, என்றேன்.
அவன் மொழியில் மணலுக்கு அதுதான் சொல்.
கொஞ்சம் தொட்டு நாக்கில் வைத்தான்,
அடுப்பில் கிடக்கும் கறியை ருசி பார்ப்பவன்போல.
லுணு நே, என்றான். உப்பில்லை.

தடை உயர்ந்தது.
டப்பியைத் திருப்பித் தந்தான்,
மூடியைத் தானே இறுக்கி.