கோட்டுக்கு அந்தப் பக்கம்

ஒரு கோல்கம்பம் தமிழ்நாட்டில்,
மற்றது கேரளத்தில்.
நடுவில் கிடக்கிற மணல் யாருக்கென்று
கடலுக்கும் தெரியாது.
இடைவேளை முடிந்தால் மாநிலம் மாறுவோம்.
கம்பத்தடியில் பையன்கள் கழற்றிப்போட்ட சட்டைகளுக்குள்
"கேரளம் வரவேற்கிறது" என்று
செல்போன்கள் துடிக்கும், பெனால்டி நேரம் பார்த்து.

நாங்கள் மிக்கேல் கிளப்.
அவர்கள் பொழிக்கரை பிரதர்ஸ்.
ஏழு பேர் ஆட்டம், வெறுங்கால்.

தொண்ணூற்று நாலு, ஈஸ்டர் கழிந்த திங்கள்.
கடைசி நிமிடம். கிளீட்டஸ் அடித்தான், இடது கால்.
என் விரல் நுனியை உரசி
பின்னால் உருண்டது பந்து.
சுண்ணாம்புக் கோடு.
அலை ஒன்று அத்தனை தூரம்
அதற்கு முன்னும் ஏறியதில்லை, பின்னும் ஏறியதில்லை.
கோட்டை நக்கிவிட்டுப் பந்தைக் கொண்டுபோனது.

மார்த்தாண்டத்து நடுவர், தபால் ஆபீஸ்காரர்,
விசிலைத் துப்பிவிட்டு ஓடினார்.
பிறகு வாலிபால்தான் நடத்துகிறாராம்.
ஜோசபாத்துக்குத் தலை உடைந்தது.
எந்த மாநிலத்தில் உடைந்தது என்று
இரண்டு போலீசும் டேப் பிடித்து அளந்தார்கள்,
அவன் ரத்தம் சொட்டக் காத்து நின்றான்.
அந்த வருஷக் கோப்பை இன்னும் ஐஸ் பிளான்டில்,
நெத்திலிப் பெட்டிகளுக்கு மேல்,
பெயர் வெட்டாமல்.

பெண் கொடுத்தோம், எடுத்தோம்.
எந்தக் கல்யாணத்திலும் பாயசம் வரைதான் பொறுமை,
இலை மடக்குமுன் அந்த கோல் வந்துவிடும்.
என் தங்கச்சி மாப்பிள்ளை அவர்களுடைய பேக்.
அவர் மகனுக்குக் காய்ச்சல் முற்றி
ரத்தம் கொடுத்துவிட்டுப் படுத்திருந்தேன்.
"கோலிக்க ரத்தம். பய இனி
பிடிச்சதெல்லாம் கீழ விடுவான்" என்றார்
கண்ணைத் துடைத்துக்கொண்டே.

காற்று அடித்த வருஷம்
எங்கள் ராபின்ஸ்டன் கரை திரும்பவில்லை.
ஆறு பேராய் இறங்கினோம்.
அவர்கள் ஒன்றும் கேட்கவில்லை.
அவர்களில் ஒருத்தன் ஜெர்சியைக் கழற்றிவிட்டு
மணலில் போய் உட்கார்ந்தான்.
மரியாதை அவ்வளவுதான்.
பத்தாவது நிமிடம் என் விலாவில் இறங்கிய முழங்காலில்
உட்கார்ந்திருந்தவன் பங்கும் இருந்தது.

இனி உள்ளதைச் சொல்கிறேன்.
பந்து கோட்டைக் கடந்தது.
ஒரு சாண். அலைக்கு முன்னால்.
குப்புறக் கிடந்த என் கண்கள்தான்
அதற்கு ஆக அருகில் இருந்தவை.
பாவசங்கீர்த்தனத்திலும் சொல்லவில்லை.
அப்போதைய சாமியார் பொழிக்கரைக்காரர்.

ஐஸ் பிளான்ட் வாசலில் கண்டால் கிளீட்டஸ் கேட்பான்:
"ஓய், கடந்துதா இல்லியா?"
"கடல்ட்ட கேளு" என்பேன்.
முப்பது வருஷம் இதுதான் எங்கள் நலம் விசாரிப்பு.

இந்த மாசியில்
சர்க்கரை அவன் காலைப் பிடித்தது.
அதே இடது கால். விரல் இரண்டை எடுத்துவிட்டார்கள்.
சொல்லிவிடலாம் என்றுதான் பஸ் ஏறினேன்
திருவனந்தபுரத்துக்கு, மடியில் ஆரஞ்சுப் பையோடு.
பாறசாலை தாண்டுமுன்னே போன் வரவேற்றது.

கட்டிலருகே ஸ்டூல்.
காலைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்து
"கிளீட்டஸ், அண்ணைக்கு அந்தப் பந்து" என்று தொடங்கினேன்.
கை உயர்ந்தது, ஊசிக்குழாயோடு.
"மிண்டாதே.
ஞாயிறு எனக்க மோன் முதல் ஆட்டம் இறங்குதான்.
நீ இப்பச் சொல்லிப்போட்டா
அவன் எதுக்குலே ஓடணும்?"

ஆரஞ்சை உரித்துக் கொடுத்தேன்.
மூன்று சுளை தின்றான், நர்ஸுக்குத் தெரியாமல்.
"உனக்க பயதானே இப்ப கோலி?
இடப்பக்கம் அவனுக்கு ஓட்டை.
எனக்க மோனுக்குச் சொல்லிக் கொடுத்தாச்சு."
சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்தது.
நெடுநேரம் வேறெதையோ பேசிக்கொண்டிருந்தோம்,
டீசல் விலை, புது எஞ்சின்.

பஸ் நெய்யாற்றின்கரை தாண்டவில்லை,
பையனுக்குப் போன் போட்டேன்:
லேய், இடப்பக்கம் பாத்துக்க.