செல்லாத வடிவம்

படம் எடுத்தது வத்தத்தில்.
நான் புள்ளி வைப்பதோ ஏத்தத்தில்,
மூக்கையூர்க் கரையில், மடிக்கணினிச் சூட்டோடு.

நாற்பத்தோராவது புள்ளியில்
கோடு தன்னையே வெட்டிக்கொண்டது.
செல்லாத வடிவம் என்றது திரை.
சிக்கெடுத்துப் பெரிதாக்கினால்
உப்பளத்துக்கும் ஊருக்கும் நடுவே
எதிலும் சேராத ஒரு கீற்று,
ஆறு மீட்டர் அகலம்.
அதில் வெள்ளைப் பொட்டுகள் சில.

பிக்சல் பிசகென்று அழிக்கப் போனேன்.
தோளுக்குப் பின்னால் சந்தியாகம்மாள்:
"அது நண்டு வலைல்ல, காயுது.
மூணாவது என்னோடது.
கிழிசல் தெரியுதா?"

தெரியவில்லை.
தெரியுது என்றேன்.

கோட்டை உப்பளப் பக்கம் தள்ளி
கீற்றை ஊரோடு ஒட்டினேன்.
இனி தொடங்கிய புள்ளிக்கே போய்
மூட வேண்டும்.
போய்ப் பார்த்தால்
அங்கே முழங்கால் தண்ணீர்.

செருப்பைக் கையில் பிடித்தபடி
இருமுறை சொடுக்கினேன்.