இடவப்பாதிக்கு நாலு நாள் முன்

மூன்றரைக்கு பைக்கை எடுத்தேன்.
கொல்லங்கோடு தாண்டும்வரை
ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை,
அத்தனை புழுக்கம்.
ஊரம்பில் போலீஸ்காரர்
முதுகில் நீண்டிருந்த உறையைத் தட்டி
"தோக்காணோ?" என்றார்.
தூண்டில் என்றேன்.
சிரித்துக் கையசைத்தார்.
துப்பாக்கி என்றிருந்தால்
கொஞ்சம் மதிப்பு இருந்திருக்கும்.

பூவாற்றுப் பொழியில் வெள்ளம்
ஆறாத கஞ்சியாகக் கிடந்தது.
கணுக்காலில் சூடு.
முழங்காலில் சூடு.
இடுப்பளவில்தான் ஒரு நூல் குளிர்,
அது ஆறா கடலா தெரியாது.

பெர்க்மான்ஸ் இரண்டு மணிக்கே வந்திருக்கிறான்,
பாப்பர் எறிந்து எறிந்து தோள் கழன்று.
"மேல ஒண்ணும் வராதுடே.
எல்லாம் அடியில கெடக்கு.
நேத்து முழுக்க ஒரே ஒரு ஊளி,
அதும் நரம்பைக் கடிச்சிட்டுப் போச்சு,
அறுநூறு ரூவா மீன்பொம்மையோட."

விழிஞ்ஞத்துக் கிரேன்கள்
தூரத்தில் சிவப்பாய்க் கண் சிமிட்டின.
ஏற்றம் நிற்க இன்னும் இருபது நிமிஷம்.
கரையோரம் மடவைக் குஞ்சுகள் தெறித்தன,
யாரோ ஒரு பிடி அரிசியை
வெள்ளத்துக்கு அடியிலிருந்து எறிந்த மாதிரி.
அப்படியானால் கீழே ஆள் இருக்கிறது.

வெள்ளை ரப்பர் இறால்,
பதினைந்து கிராம் ஈயத்தலை.
பாறைக்கு இந்தப் பக்கம் விழவிட்டு
தரை தட்டியதும் இரண்டு சுற்று, ஒரு நிறுத்தம்.
இரண்டு சுற்று,

நிறுத்தத்தில் எடுத்தது.

ரீல் அலறியது என்றுதான் எல்லாரும் சொல்வார்கள்.
என்னுடையது பழசு, இருமியது.
ஒரே ஒரு முறை மேலே எழுந்து
செவுள் விரித்துத் தலையை உதறியது.
பெர்க்மான்ஸின் டார்ச்சில் கண் மட்டும் செங்கல் நிறம்.
"கொடுவா!" என்று நான் கத்தினேன்.
"காளாஞ்சி!" என்று அக்கரைப் படகுக்காரர்.
இரண்டு பெயருக்கும் திரும்பாமல்
அது பொழி வாயைப் பார்த்து ஓடியது.

கைக்கு வந்தபோது விடிந்திருந்தது.
எட்டு கிலோ இருக்கும்.
வயிறு முட்டையில் பிதுங்கி நின்றது.
புதுமழை வெள்ளம் இறங்கக்
காத்துக்கொண்டிருந்தவள்.

மீன்கூடையோடு எஸ்கலின் வந்தாள்.
"அஞ்சாயிரம். இப்பவே எண்ணித் தாறேன்."
விடப்போகிறேன் என்றேன்.
அவள் என்னைப் பார்க்கவில்லை, மீனைப் பார்த்தாள்.
"விடுயதுக்கா இந்தப் பாடு படுத்துன?"

இதற்குப் பதில் யாரிடமாவது இருந்தால்
எனக்கும் சொல்லுங்கள்.

வெள்ளம் சூடானால் அதில் மூச்சு குறைவு.
மார்கழியில் கை விட்டதும் பாய்கிற மீன்
வைகாசியில் மல்லாந்துவிடும்.
கீழ்த்தாடையில் கட்டைவிரல்,
வயிற்றுக்கடியில் உள்ளங்கை,
வாய் அலையைப் பார்த்து.
செவுள் திறந்தது. மூடியது.
வெகுநேரம் திறக்கவில்லை.
"நாலரை" என்றாள் எஸ்கலின்.
கூடையைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்துவிட்டாள்.
அந்த ஒரு நூல் குளிரைத் தேடி
மீனோடு பக்கவாட்டில் நகர்ந்தேன்,
மார்பளவு, கழுத்தளவு.
சட்டைப்பையில் ஃபோன் அடித்தது,
களியக்காவிளை டயர்க்கடை முதலாளி.
பிறகு அதுவும் மூழ்கி நின்றது.
"நாலு."
பெர்க்மான்ஸ் வீடியோ எடுப்பதை நிறுத்தினான்.
"மூணே முக்கா."
வெயில் பிடரியில் ஏறியது.
அதற்கப்புறம் அவள் விலை சொல்லவில்லை.

திடீரென்று கட்டைவிரலை அழுத்திக் கடித்தது.
அரம் போட்ட மாதிரி ஒரு எரிச்சல்,
முகத்தில் ஒரு வாலடி,
கையில் வெறும் வெள்ளம்.

நன்றாய்த்தான் போனது.
கொஞ்சம் சாய்ந்த மாதிரி போனது.
எஸ்கலின் சேலையில் மணலைத் தட்டிக்கொண்டு
"பைத்தியம்" என்றாள்,
யாரை என்று சொல்லவில்லை.

நாலாம் நாள் மழை பிடித்தது.
கடைத் தகரத்தில் அது கொட்டுகிற சத்தத்தில்
பெர்க்மான்ஸ் சொன்னது பாதிதான் கேட்டது:
பொழியூர் கரையில், அன்று மதியமே,
ஒரு கொடுவா ஒதுங்கியதாம்.
"நம்மளது இல்லடே. அது சின்னது."
சின்னதா?
"கொஞ்சம் சின்னது."

விரலில் தோல் இன்னும் வளரவில்லை.
ஏலத்தில் எவ்வளவுக்குப் போச்சு என்று கேட்டேன்.
ஏன் கேட்டேன் தெரியவில்லை.

மூவாயிரம் என்றான்.