ஐந்தாவது ஏன்

மத்தோசின்யோஷ் துறைமுகம்,
மீன் டின் ஆலையின் சாப்பாட்டு அறை.
வியாழக்கிழமை சான்றிதழ்த் தேர்வு.
ஒதீலியா
எண்ணெய் படிந்த சரக்குச் சீட்டின் பின்புறம்
மீன்முள் படம் போட்டுப் பழகுகிறாள்.
தலையில்: கசியும் டின்கள்.
முள்ளுக்கு ஒன்றாய்
ஆள், எந்திரம், பொருள், முறை.

டின் ஏன் கசிந்தது?
மூடியின் மடிப்பு இறுகவில்லை.
ஏன் இறுகவில்லை?
உருளை தேய்ந்துபோயிருந்தது.
ஏன் மாற்றவில்லை?
கோரிக்கைத் தாள் திரும்பி வந்துவிட்டது.
ஏன் திரும்பியது?
'அடுத்த காலாண்டில் பார்க்கலாம்' என்று
மார்ச்சில் யாரோ கிறுக்கியிருக்கிறார்கள்.
கையெழுத்து
அவளுடையது.

இன்னும் ஒரு ஏன் பாக்கி.
பேனா மூடியைக் கடித்தபடி இருக்கிறாள்.

மனிதரைக் குறை சொல்லாதே, அமைப்பைப் பார்
என்கிறது பாடநூல், பக்கம் நாற்பத்தொன்று.
எழுதினால் முழு மதிப்பெண்.
ஆனால் அந்தக் கசிவுக்குத்தான்
கவனக்குறைவு என்று
ஃபிர்மினோவுக்கு மூன்று நாள் கூலி பிடித்தார்கள்.

கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு
அவனே வருகிறான், சூப்புக் கிண்ணத்தோடு.
"படிப்பு முடிந்ததா?"

சீட்டைச் சட்டென்று கவிழ்க்கிறாள்.
எண்ணெய் ஊறிய தாள்.
முள் அத்தனையும்
இந்தப் பக்கமும் தெரிகிறது.